ரீஜென்சி காலத்து நாவலும் வரலாறும்

நூல் பயில்வார் ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொரு விருப்பம் உண்டு. சிலர் காப்பியத்தில் தோய்வர். சிலர் துப்பறியுங் கதைகளில் இராப்பொழுதைக் கழிப்பர். சிலர் பெரியோர் சரிதங்களையே நாடுவர். தமிழைச் சிறப்புப் பாடமாக எடுத்துப் பயிலும் எமக்கு, உரைநூல்களை மூடிவைத்த ஓய்வுப் பொழுதுகளில், ஆங்கில நாட்டு வரலாற்றில் ஒரு சிறு காலத்தின்மீது தீராத அவா உண்டாயிற்று. அக்காலத்தைக் களமாகக் கொண்ட நாவல்களையும், அக்காலத்தை ஆராயும் சரித்திர நூல்களையும் நூல்நிலையத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் படித்து வருகின்றோம். அங்ஙனம் படித்ததனால் எம் உள்ளத்தில் எழுந்த சில எண்ணங்களை இவ்வாண்டிதழின் வாயிலாக அன்பர்கட்கு உரைக்க விழைகின்றோம்.

அக்காலமாவது 'ரீஜென்சி' என்று வழங்குவது. இங்கிலாந்தை ஆண்ட மூன்றாம் ஜார்ஜ் மன்னர் 1810-ஆம் ஆண்டின் இறுதியில் மனநோயுற்று ஆட்சிபுரிய இயலாதவரானார். ஆகவே 1811-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பார்லிமெண்டு சட்டம் இயற்றி, அவர்தம் மூத்த மகனை அரசப் பிரதிநிதியாக, அஃதாவது 'ரீஜென்ட்' ஆக, அமர்த்திற்று. 1820-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள் முதியவர் உயிர்நீத்தார். மகன் நான்காம் ஜார்ஜ் என்னும் பெயரோடு அரசரானார். இடைப்பட்ட ஒன்பதாண்டே ரீஜென்சி. காலம் சிறிது, நிகழ்ச்சிகளோ பல. 1812 மே 11-ஆம் நாள் பிரதம மந்திரி ஸ்பென்சர் பெர்சிவல் காமன்ஸ் சபையின் முன்கூடத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். நெப்போலியனோடு நடந்த நெடும்போர் 1815 ஜூன் 18-ஆம் நாள் வாட்டர்லூ களத்தில் முடிவுற்றது. அவ்வாண்டிலேயே அயல்நாட்டுத் தானியம் மலிவாக வந்து இறங்காதபடி நிலக்கிழார் சட்டம் செய்துகொண்டனர். ஏழை மக்கள் ரொட்டியின் விலையால் நொந்தனர். ரீஜென்டோ, பிரைட்டன் என்னும் கடற்கரைப் பட்டினத்தில், ஜான் நாஷ் என்னும் கட்டடக் கலைஞரைக் கொண்டு, இந்திய மாளிகைகளைப் போன்ற குவிமாடங்களோடு தம் அரண்மனையைப் புதுக்கிக்கொண்டிருந்தார்.

இக்காலத்தைப் பற்றிய நாவல்கள் மூவகைப்படும். அக்காலத்திலேயே வாழ்ந்தவர் எழுதியன முதல் வகை. இவ்வகையில் தலைசிறந்தவர் ஜேன் ஆஸ்டின் அம்மையார். 1775-ஆம் ஆண்டில் ஹாம்ப்ஷயர் நாட்டுப்புறத்துச் சிற்றூர் ஒன்றின் குருவானவர்க்கு மகளாய்ப் பிறந்து, 1817-ஆம் ஆண்டில், நாற்பத்தோராம் வயதில் மறைந்தவர். அவர் எழுதி முடித்த ஆறு பெரிய நாவல்களும் 1811 முதல் 1817 வரை, ரீஜென்ட் ஆட்சியிலேயே அச்சேறின. அவற்றுள் ஒன்றிலேனும் அவர் பெயர், அவர் உயிரோடிருந்த நாளில், முகப்பில் இடம்பெறவில்லை. அடுத்த தலைமுறையினர் பின்னோக்கிப் பார்த்து எழுதியன இரண்டாம் வகை. ரீஜென்சி தொடங்கிய 1811-ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவிற் பிறந்த தாக்கரேயின் 'வானிட்டி பேர்', ஷார்லட் பிராண்டி அம்மையாரின் 'ஷர்லி' ஆகியன இவ்வகையின. பழைய ஏடுகளைத் துருவி இருபதாம் நூற்றாண்டினர் புனைந்தன மூன்றாம் வகை. 1935-ஆம் ஆண்டில் 'ரீஜென்சி பக்' என்னும் நாவலை வெளியிட்ட ஜார்ஜெட் ஹேயர் அம்மையார் இவ்வகைக்கு வழிகாட்டியாவர். அக்காலத்து ஆடை, வண்டி, வழக்குச்சொல் ஆகிய அனைத்தையும் குறிப்பேடுகளிற் சேர்த்துவைத்து எழுதியவர் அவர்.

நிற்க. பொருளாதாரம் பயிலும் நண்பர் ஒருவர் எம் மேசையின்மீது கிடந்த நூல்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நண்பரே, இருநூறு ஆண்டுகட்கு முன் எங்கோ இருந்த கனவான்களின் கலியாணப் பேச்சு உமக்கு எற்றுக்கு?" என்று வினவினார். வினா நியாயமானதே. அதற்கு விடையாக எம் குறிப்பேடு ஒன்றை அவர்முன் விரித்து வைத்தோம். அதில் ஒவ்வொரு பக்கத்தையும் நடுவே கோடிட்டு இரண்டாகப் பகுத்திருந்தோம். இடப்பக்கம் நாவல்களிற் காண்பன. வலப்பக்கம் அதே ஆண்டில், இயலுமாயின் அதே திங்களில், அந்நாட்டில் நிகழ்ந்தனவாகச் சரித்திர நூல்கள் கூறுவன. இவ்விரு பத்திகளையும் சேர்த்துப் படிப்பதே எம் வழக்கம். இடப்பக்கம் மட்டும் படிப்போர்க்கு அக்காலம் ஒரு நடன விருந்து. வலப்பக்கம் மட்டும் படிப்போர்க்கு அஃது ஒரு போர்க்களம். இரண்டையும் படிப்போர்க்கே அங்கு மனிதர் வாழ்ந்தனர் என்பது விளங்கும்.

தமிழ் பயில்வார்க்கு இப்பகுப்புப் புதிதன்று. நம் முன்னோர் வாழ்க்கையை அகம் என்றும் புறம் என்றும் இரண்டாக வகுத்தனர். காதலும் மனையறமும் அகம். போரும் கொடையும் அரசும் புறம். ஆஸ்டின் அம்மையாரின் நாவல்கள் அகப்பொருள் நூல்களே. 'நார்த்தாங்கர் அபி' என்னும் அவர் நாவலிலே கேதரின் என்னும் இளநங்கை, சரித்திர நூல்களைப் படிப்பது தனக்குச் சலிப்பைத் தருகின்றது என்று குறைகூறுகின்றாள். மன்னர்களின் பூசலே எங்கும் நிரம்பியிருக்க, பெண்பாலாரை அவற்றில் தேடியும் காண்பதரிது என்பது அவள் முறையீடு. அந்நாளைய வரலாற்றாசிரியர் புறத்தை மட்டுமே எழுதினர் என்பதை இதனினும் நயமாக எடுத்துரைத்தல் அரிது. அவர்கள் விட்ட பாதியை அவ்வம்மையார் எழுதினார்.

ஆயினும் அகத்தினுள்ளே புறம் எட்டிப் பார்க்கும் இடங்களும் உண்டு. நெடுநல்வாடையைப் படித்தோர் இதனை நன்கு அறிவர். கணவனைப் பிரிந்த தலைவி கட்டிலில் வருந்துவதும், தலைவன் பாசறையில் உறங்காது திரிவதும் கூறும் அப்பாட்டு அகப்பாட்டேயாகும். ஆயின் பாசறையில் வேலின்மீது வேம்பு கட்டப்பட்டிருந்தது என்னும் ஒரு குறிப்பு வருகின்றது. வேம்பு பாண்டியர் அடையாளம். ஆகவே தலைவன் இன்னான் எனச் சுட்டப்பட்டமையின் இப்பாட்டுப் புறமாயிற்று என்றார் நச்சினார்க்கினியர். ஒரு வேப்பிலை பாட்டின் திணையையே மாற்றிவிட்டது! ஆஸ்டின் அம்மையாரின் நாவல்களிலும் அத்தகைய வேப்பிலைகள் ஆங்காங்கே உள. அவற்றைத் தேடுவதே எம் படிப்பில் எமக்கு மிக்க இன்பம் தருவதாயிற்று.

'பிரைடு அண்டு பிரெஜுடிஸ்' என்னும் நாவலை எடுத்துக்கொள்வோம். பென்னட் குடும்பத்து இளைய பெண்கள் இருவர் அண்டையூரில் தங்கியிருக்கும் படையினரைப் பற்றிய ஊர்ச்செய்திகளை வீட்டிற்குக் கொண்டுவருகின்றனர். அதிகாரிகள் சிலர் தம் சிற்றப்பன் வீட்டில் விருந்துண்டதும், தளபதி மணம் புரியப்போவதும் கூறும் அதே மூச்சில், சாதாரணச் சிப்பாய் ஒருவன் சவுக்கால் அடிக்கப்பட்ட செய்தியும் வந்துபோகின்றது. அவன் யார், செய்த குற்றம் யாது என்று எவரும் வினவவில்லை. பேச்சு அடுத்த பொருளுக்குச் சென்றுவிடுகின்றது. மற்றோரிடத்தில், நடன விருந்துக்கு முன் சில நாட்கள் விடாது மழை பெய்கின்றது. பெண்கள் வெளியே செல்ல இயலவில்லை. ஆகவே காலணிகளை அழகுசெய்யும் பூக்குஞ்சங்களை வேறொருவர் சென்று வாங்கிவர நேர்ந்தது. அம்மழையில் நனைந்து சென்றவர் யார்? நாவல் கூறவில்லை. சரியாக இருநூறாண்டு கழித்து, 2013-ஆம் ஆண்டில், ஜோ பேக்கர் என்னும் எழுத்தாளர் அதே வீட்டின் பணியாட்களைத் தலைமக்களாகக் கொண்டு 'லாங்பர்ன்' என்னும் நாவலை இயற்றினார். நனைந்த பாதங்கட்கு ஒரு கதை கிடைக்க இருநூறாண்டு சென்றது.

இனி எம் குறிப்பேட்டின் ஒரு பக்கத்தை மட்டும் அன்பர்கள் சற்றுக் கூர்ந்து நோக்க வேண்டுகின்றோம். அது 1813-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள். இடப்பக்கம்: அத்திங்கள் 28-ஆம் நாள் மேற்கூறிய நாவல் லண்டனில் வெளிவந்தது. பதிப்பாளர் அதன் உரிமைக்குக் கொடுத்த தொகை 110 பவுன். நூற்படி கைக்கு வந்ததும் அம்மையார் குழந்தையைப் பெற்றாற்போல் மகிழ்ந்து தமக்கைக்குக் கடிதம் எழுதினார். வலப்பக்கம்: அதே திங்களில், யார்க் நகரத்தில் 17 பேர் தூக்கிலிடப்பட்டனர். அவர்கள் 'லட்டைட்' என்னும் பெயரால் அறியப்பட்ட தொழிலாளர் இயக்கத்தைச் சார்ந்தோராகக் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள். புதிய இயந்திரங்களாலும் கூலிக்குறைப்பாலும் பிழைப்பிழந்த நெசவு, பின்னல் தொழிலாளர் 1811 முதல் இரவில் திரண்டு இயந்திரங்களை உடைக்கலாயினர். இயந்திரத்தை உடைப்போர்க்கு மரணதண்டனை விதிக்கும் சட்டம் 1812-இல் வந்தது. அச்சட்டத்தை எதிர்த்துப் பைரன் பிரபு, பிரபுக்கள் சபையில் தம் முதற் சொற்பொழிவை ஆற்றினார், பயன் விளையவில்லை.

அந்நாவலின் தலைவனாகிய டார்சிக்கு ஆண்டு வருமானம் 10,000 பவுன். அந்நாளில் தென்னிங்கிலாந்தில் ஓர் உழவுத் தொழிலாளிக்கு வாரக்கூலி ஏறத்தாழப் பத்து, பன்னிரண்டு ஷில்லிங்கு. பன்னிரண்டு ஷில்லிங்கு எனவே கொண்டாலும், ஓராண்டு முழுதும் ஒரு நாளும் விடாது உழைத்தால் அவன் ஈட்டுவது 31 பவுன் சொச்சம். டார்சியின் மாளிகை ஒன்றிற்குச் செல்லும் வருவாய் முந்நூறு உழவர் குடும்பங்களுக்கு ஈடாகும் என்று கணக்கிட்டு நண்பரிடம் காட்டினோம். அவர் முகம் மலர்ந்து, "இது என் பாடம்" என்றார். கலியாணப் பேச்சென்று அவர் எண்ணியதினுள்ளே அவருடைய பாடமும் இருந்தது. ஏனெனில் அம்மையார் தம் கதைமாந்தர் ஒவ்வொருவரையும் அறிமுகஞ் செய்யும்போதே அவர்தம் வருமானத்தையும் பெரும்பாலும் கூறிவிடுகின்றார். அந்நாளில் உயர்குடிப் பெண்ணுக்கு உத்தியோகம் இல்லை. தந்தையின் நிலமோ தூரத்து உறவினனாகிய ஓர் ஆடவனுக்குப் போகும். மணமே அவளுக்குரிய ஒரே புகலிடம். அதனை மறைக்காது கூறிய நேர்மை அவருடையது.

இனி யாம் கூறப்போவது எம் உள்ளத்தைப் பெரிதும் வருத்திய பொருள். 'மான்ஸ்பீல்டு பார்க்' என்னும் நாவல் 1814-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அம்மாளிகையின் தலைவர் சர் தாமஸ் பெர்ட்ரம், மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய அன்டிகுவாவில் தமக்குள்ள தோட்டத்தை மேற்பார்க்கச் சென்று நெடுநாட் கழித்து மீள்கின்றார். அவர் வீட்டில் வளரும் ஏழைப்பெண் பானி, அவரிடம் அடிமை வியாபாரத்தைப் பற்றி ஒரு வினாவைக் கேட்டதாகவும், அப்பொழுது அறையில் ஒருவரும் வாய்திறவாது இருந்தமையால் மேலும் கேட்க அஞ்சியதாகவும் பின்னர்க் கூறுகின்றாள். அவ்வளவே. கதை வேறு வழியிற் செல்கின்றது. இதனைப் பற்றி எட்வர்டு செய்து என்னும் அறிஞர் 1993-ஆம் ஆண்டில் எழுதியதன்பின் எத்தனையோ ஆராய்ச்சிகள் தோன்றின. சரித்திரம் கூறுவது இது: ஆப்பிரிக்கரைப் பிடித்துக் கப்பலேற்றி விற்கும் வியாபாரத்தைப் பிரிட்டிஷ் பார்லிமெண்டு 1807-இல் தடைசெய்தது, ஆயின் தோட்டங்களில் அடிமைத்தனம் 1834 வரை நீடித்தது, ஒழித்தபோதும் இழப்பீடாக 2 கோடி பவுன் உடையவர்க்கே கொடுக்கப்பட்டது, அடிமைகளாயிருந்தோர்க்கு ஒரு காசும் இல்லை. மான்ஸ்பீல்டின் பசும்புல்வெளியும், வெள்ளித் தட்டுகளும், அமைதியான மாலைநேரங்களும் எவருடைய வியர்வையால் வந்தன என்பதற்கு 'அன்டிகுவா' என்னும் ஒரு சொல்லே அங்குக் கட்டப்பட்ட வேப்பிலை.

கிறிஸ்தவராகிய எம்மை வருத்தும் மற்றொன்றும் அந்நாவலிலேயே உண்டு. அந்நாளில் ஒரு சபையின் குருத்துவப் பதவி நிலக்கிழாரின் கையில் இருந்தது. தாம் விரும்பியவர்க்கு அவர் அதனைக் கொடுக்கலாம். பிறர்க்கு விலைக்கும் விற்கலாம். மூத்த மகன் சூதாடியும் செலவு செய்தும் பட்ட கடனைத் தீர்க்கும் பொருட்டு, இளைய மகனுக்கென்றிருந்த குருத்துவப் பதவி டாக்டர் கிராண்டு என்பவர்க்குக் கைமாறுகின்றது. அவரோ உணவில் பெருவிருப்பினர். ஒரே வாரத்தில் மூன்று பெருவிருந்துகள் உண்டு உயிர்விடுகின்றார்! எம் பாட்டனார் பனங்காட்டுச் சிற்றூர்களில் உபதேசியாராக ஊழியஞ் செய்தவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் மூன்று ஊர்க் கோவில்களுக்கு மிதிவண்டியிற் சென்று ஆராதனை நடத்தி, மாலையில் ஆறிய சோற்றை உண்பார். அவரை நினைத்துக்கொண்டு டாக்டர் கிராண்டைப் படித்தபோது நகைப்பும் எழுந்தது, சினமும் எழுந்தது. ஆயினும் அதே நூலில் சர் தாமஸ், குருவானவர் தம் மந்தையின் நடுவே குடியிருந்தாலன்றி அதன் தேவைகளை அறியமாட்டார் என்று மகனை முன்னிட்டு வற்புறுத்துகின்றார். குருவானவர் வீட்டிலே பிறந்து, உடன்பிறந்தாருள் இருவரைக் குருமாராகக் கண்ட ஆசிரியர், திருச்சபையின் நோயையும் மருந்தையும் ஒருங்கே அறிந்திருந்தார் என்பது தெளிவு. அவர் இயற்றியனவாகக் கருதப்படும் ஜெபங்கள் மூன்று இன்றும் உள.

அன்றியும், அக்காலத்திற்கும் தமிழ்நாட்டிற்கும் மெய்யான தொடர்பும் உண்டு. அம்மையாரின் அத்தை பிலடெல்பியா, பெற்றோரை இழந்து வறுமையுற்றவர். மணாளனைத் தேடி 1752-ஆம் ஆண்டில் கப்பலேறிச் சென்னைக்கு வந்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் நம் கடலூரில், கம்பெனியின் வைத்தியராயிருந்த ஹான்காக் என்பவரை மணந்தார். அம்மையார் இளமையில் எழுதி முடிக்காது விட்ட ஒரு கதையிலே, ஏழைப்பெண் ஒருத்தி விருப்பமின்றி வங்காளத்திற்கு மணத்தின்பொருட்டு அனுப்பப்படுகின்றாள். அஃது எங்கிருந்து வந்த துயரம் என்பதற்குக் கடலூர் விடை கூறும்.

மீண்டும் அந்த ஜனவரித் திங்களுக்கே வருவோம். 24-ஆம் நாள், நாவல் வெளிவருவதற்கு நான்கு நாள் முன், அம்மையார் தமக்கைக்கு எழுதிய கடிதத்தில் தாம் விரும்பிப் படித்த ஆசிரியர் இருவரைக் குறிப்பிடுகின்றார். ஒருவர் அடிமை வியாபாரத்தை ஒழிக்க உழைத்த கிளார்க்சன், மற்றவர் புக்கானன். இவர், தஞ்சை முதலிய இடங்களைக் கண்டு சென்று, இந்தியாவில் சுவிசேஷ ஊழியத்திற்கு வழிதிறக்க வேண்டுமென்று எழுதிய கிளாடியஸ் புக்கானனே என்று ஆராய்ச்சியாளர் கொள்வர். அவ்வாண்டு ஜூலையிலேயே கம்பெனிச் சாசனச் சட்டம் நிறைவேறிற்று. அச்சட்டத்தினால் மிஷனெரிமார்க்கு இந்நாட்டில் நுழைய அனுமதி கிடைத்தது. கல்விக்கென ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஒதுக்கவும் விதி பிறந்தது. அடுத்த ஆண்டு ரேனியஸ் ஐயர் சென்னையில் வந்திறங்கினார். 1820-இல் பாளையங்கோட்டைக்குச் சென்றார். எம் பாட்டனார் கையிலிருந்த திருமறைக்கும், யாம் பயிலும் இக்கல்லூரி போன்ற கலைக்கூடங்கட்கும் அச்சட்டம் ஒரு வாயில். ஆயின் அதே சட்டம் இந்திய வியாபாரத்தில் கம்பெனிக்கிருந்த தனியுரிமையையும் நீக்கிற்று. ஆங்கில ஆலைத்துணி இந்நாட்டுச் சந்தைகளில் வந்து குவியலாயிற்று. நம் நெசவாளர் தறிகள் பல ஓய்ந்தன. ஒரே சட்டம் இரண்டு கதவுகளைத் திறந்தது. ஒன்றன் வழியே வந்ததை மட்டும் நன்றியோடு எண்ணி, மற்றொன்றன் வழியே வந்ததை மறத்தல் நேர்மையாகாது. மற்றதை மட்டும் எண்ணி முன்னதை மறுப்பதும் அங்ஙனமே.

இங்ஙனமெல்லாம் கூறுவதால், சரித்திரத்தைப் படித்தபின் நாவல்களை வெறுத்துவிட்டோம் என்று அன்பர்கள் கருதுதல் வேண்டா. முன்னினும் மிகுதியாக அவற்றை விரும்புகின்றோம். என்னை? சரித்திரத்தால் இயலாத ஒன்றை நாவல் செய்கின்றது. 1819 ஆகஸ்டு 16-ஆம் நாள், மாஞ்செஸ்டர் நகரத்தில், வாக்குரிமை வேண்டித் திரண்ட ஏறத்தாழ 60,000 மக்கள்மீது குதிரைப்படை பாய்ந்தது. பதினைவர்க்குக் குறையாது மாண்டனர். காயமுற்றோர் பல நூற்றுவர். சரித்திரம் அவர்களை எண்ணிக் கணக்கிடுகின்றது. ஆனால் ஓர் ஏழை முதுகன்னிகையைச் செல்வச்சீமாட்டி ஒருத்தி பலர் முன்னிலையில் ஒரு சொல்லால் நகையாடினால், அவ்வேழையின் முகம் எவ்வாறு சிவந்தது என்பதைக் கணக்கிடுவார் யார்? 'எம்மா' என்னும் நாவலில் பாக்ஸ் மலையில் அஃது நிகழ்கின்றது. வாழ்ந்து கெட்ட அவளை நகையாடியது தகுமோ என்று நைட்லி என்னும் பெரியவர் எம்மாவைக் கடிந்துகொள்கின்றார். எம்மா வீடு திரும்பும் வழியெல்லாம் கண்ணீர் சொரிகின்றாள். வாட்டர்லூவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத அந்நூலில், ஒரு கடுஞ்சொல் போர்க்களத்துக்குரிய கனத்தோடு நிறுக்கப்படுகின்றது.

நாளையை அறியாது வாழ்தல் எத்தகையது என்பதையும் நாவலே நமக்கு உணர்த்தும். 'பெர்சுவேஷன்' 1814-ஆம் ஆண்டுக் கோடையில் தொடங்குகின்றது. போர் ஓய்ந்தது என்று கடற்படை வீரர் கரையேறி வருகின்றனர். பிறர் சொற்கேட்டு மறுத்த காதலனை எட்டாண்டு உள்ளத்தில் வைத்து ஆற்றியிருந்த ஆன் என்பாள், பொருள்வயிற் பிரிந்து செல்வனாய் மீண்ட அவனையே அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அடைகின்றாள். முல்லைத் திணையை அறிந்தோர்க்கு இதன் சுவை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. அவர்கள் மகிழ்ந்து கைகோத்து நடக்கும் அந்நாட்களிலேதான், 1815 பிப்ரவரி 26-இல், நெப்போலியன் எல்பாத் தீவினின்றும் தப்பினான். இதனைச் சரித்திரம் பயின்ற நாம் அறிவோம், அவர்கள் அறியார். அவ்வறியாமையைக் கண்டு யாம் நகைக்கவில்லை. நாமும் அங்ஙனமே நம் நாளையை அறியாது வாழ்கின்றோம் அன்றோ?

ஒரே நூலில் இவ்விரண்டையும் காண விரும்புவோர்க்கு யாம் 'ஷர்லி'யைப் பரிந்துரைப்போம். 1812 ஏப்ரலில் யார்க்ஷயரில் ராபோல்ட்ஸ் என்னுமிடத்து ஆலையைத் தொழிலாளர் இரவில் தாக்கினர். அப்பொழுது அதற்கு அண்மையிலுள்ள சபையொன்றின் குருவாயிருந்தவர் ஷார்லட் பிராண்டியின் தந்தையார். மகள் அந்நிகழ்ச்சியைத் தழுவி 1849-இல் எழுதிய நாவலிலே, ஆலையின் தாக்குதலும் பெண்மனத்தின் தனிமையும் அருகருகே நிற்கின்றன. சரித்திரத்தின் பக்கமிருந்தும் ஒரு நூல் கூறவேண்டின், 1963-இல் தாம்சன் என்பார் ஆங்கிலத் தொழிலாளி வகுப்பின் தோற்றத்தைப் பற்றி எழுதிய பெருநூலைக் கூறுவோம். பின்வந்தோரால் எள்ளப்பட்ட ஏழைப் பின்னல்காரனையும் தறிகாரனையும் மனிதனாக மதித்து எழுதப்பட்ட நூல் அது. ஹேயர் அம்மையாரின் கதைகளோ பெரும்பாலும் பிரபுக்களின் மாளிகைகளை விட்டு வெளியேறுவதில்லை. பரீட்சை முடிந்த இரவுக்கு அவை மிக நல்ல துணை என்பதில் ஐயமில்லை.

நம் ஆண்டவர் கூறிய ஐசுவரியவானும் லாசருவும் என்னும் உவமையை இந்நூல்களைப் படிக்குந்தோறும் நினைத்துக்கொள்கின்றோம். அந்த ஐசுவரியவான் லாசருவை அடித்தான் என்றோ விரட்டினான் என்றோ அவ்வுவமை கூறவில்லை. வாசலிற் கிடந்தவனைக் கண்டுங் காணாது உள்ளே விருந்துண்டான், அவ்வளவே. நாவல் நம்மை விருந்தறையினுள்ளே அமர்த்துகின்றது. அங்குள்ளோரை நேசிக்கச் செய்கின்றது. சரித்திரம் எழுந்து வாயிற்கதவைத் திறக்கச் சொல்லுகின்றது. உள்ளே இருப்போரை நேசிக்கக் கல்லாதவன் வெளியே கிடப்பவனை மட்டும் நேசித்துவிடுவான் என்று யாம் நம்பவில்லை. கதவைத் திறவாதவன் நேசமும் நிறைவுடையதன்று.

இறுதியாக ஒன்று. இவ்வாண்டிதழும் ஒரு நாள் பழைய ஏடாகும். நம் விளையாட்டு வெற்றிகளையும், நாடக விழாவையும், பிரிவுபசார விருந்தையும் இதன் பக்கங்களிலே படிக்கும் பிற்காலத்தார் ஒருவர், கையில் பென்சிலோடு, நாம் அரை வாக்கியத்திற் கூறிச்சென்ற வேப்பிலைகளைத் தேடுவார். விடுதியில் விடியுமுன் அடுப்பு மூட்டுவோர் யார், மழைநாளில் கூடத்தைப் பெருக்கித் துடைப்போர் யார், அவர்தம் பிள்ளைகள் எங்குப் படிக்கின்றனர் என்று அவர் வினவுவார். அவர்க்கு விடை கிடைக்கும்படி நாம் எழுதிவைத்தல் நன்று. அதனினும் நன்று, அவர்கள் பெயரை இன்றே கேட்டு அறிந்துகொள்ளுதல்.